கரைசல் பார்க்கும் ஊர்

ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு மிச்சம் மீதியாக வந்து சேரும் இடத்தில், கடலுக்கு மிக அருகில் இருந்தது கரம்பைமேடு. மேலே அணையைத் திறந்த செய்தி பேப்பரில் வந்து, அந்தப் பேப்பரில் வடை மடித்துக் கொடுத்து, வடையைத் தின்றவனுக்கு அது மறந்தும் போன பிறகுதான் அங்கே வாய்க்கால் ஈரமாகும். அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு எதிலும் பொறுமை கிடையாது. கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டுவதற்கு முன்பே பந்தியில் இடம் பிடித்துவிடுவார்கள். சாவு வீட்டுக்குப் போனால் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பார்கள். இதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் கடைசியாக நிற்கிறவனுக்கு எல்லாம் சீக்கிரமாகத்தான் நடக்க வேண்டும். குறை சொல்ல வேறு விஷயம் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

உரம் வாங்குவதிலும் அவர்களுக்கு அந்த அவசரம் உண்டு. ரெத்தினசபாபதியின் உரக்கடை வாசலில் ஒரு மர பெஞ்சு, பெஞ்சின் மேல் ஒரு கண்ணாடி டம்ளர் எப்போதும் இருக்கும். புது லோடு வந்து இறங்கியதும் முதல் மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி குருணையை அள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டு, ஊரே குனிந்து பார்க்கும். கரைசல் பார்ப்பது என்று இதற்குப் பெயர். குருணை விழுந்த உடனே உடைந்து, கலங்கி, பிறகு தெளிந்துவிட்டால் நல்ல உரம். டம்ளர் சில்லிட்டுப் போனால் இன்னும் நல்ல உரம். உடையாமல் அடியில் உட்கார்ந்துகொண்டால் அது கலப்படம், தூக்கிப் போடு. மெதுவாகக் கரைகிற உரம்தான் வேரில் தங்கிப் பயிருக்குச் சேரும், சட்டென்று கரைவது தண்ணீரோடு தண்ணீராகக் கடலுக்குப் போய்விடும் என்று யார் யாரோ வந்து சொல்லிப் பார்த்தார்கள். வேப்பெண்ணெய் பூசிய யூரியா வந்தபோது, அது கரைவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது என்பதற்காக மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்கள். டம்ளரில் கரையாதது வயலில் எப்படிக் கரையும் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எழுந்து போனார்கள்.

அந்த வருஷம் புரட்டாசியில் நடவு முடிந்த கையோடு உரத் தட்டுப்பாடு வந்தது. பயிர் பச்சை பிடிக்காமல், காமாலை கண்ட பிள்ளை மாதிரி வெளுத்து நின்றது. எங்கெங்கோ அலைந்து ரெத்தினசபாபதி ஒரு லாரி சரக்கைக் கொண்டுவந்து இறக்கியபோது, ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் கடை வாசலில் கூடிவிட்டார்கள். ஒரு பிடி குருணை டம்ளருக்குள் விழுந்தது. விழுந்தது விழுந்தபடியே கிடந்தது.

"என்ன ரெத்தினம், கூழாங்கல்ல அள்ளிட்டு வந்துட்டியா?" என்றார் நாட்டாமை பக்கிரிசாமி.

"செத்த பொறுங்க மாமா, ஊறட்டும்."

"ஊறறதுக்கு இது என்ன உளுந்தா?"

கூட்டத்தின் ஓரத்தில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தையல்நாயகி நின்றிருந்தாள். ஊரின் கடைசி வயலுக்குச் சொந்தக்காரனான குஞ்சிதபாதத்தின் பெண்டாட்டி அவள். குஞ்சிதபாதத்துக்கு இடுப்புப் பிடிப்பு என்று பெயர் சொல்லி, மூட்டை தூக்க எப்போதும் அவள்தான் வருவாள். அவளும் கரம்பைமேட்டில் வாழ்க்கைப்பட்டவள்தானே, அவளுக்கும் பொறுமை இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஆட்காட்டி விரலை டம்ளருக்குள் விட்டு ஒரு குருணையை நசுக்கிப் பார்த்தாள். குருணை நசுங்கவில்லை. விரல் கரைந்தது.

ரத்தம் வரவில்லை, வலியும் இல்லை. முதல் கணு வரைக்கும் விரல் உடைந்து, பொடியாகி, தண்ணீரைக் கலக்கிவிட்டுத் தெளிந்தது. டம்ளர் சில்லிட்டு வெளியே முத்து முத்தாக வேர்த்தது. ரெத்தினசபாபதி டம்ளரைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"குருணை அப்புடியே கெடக்கு, விரல்ல ஒண்ணுமே தங்கல," என்றார். "சுத்தமான சரக்கு."

"எம்புட்டு சுருக்கா கரைஞ்சுது பாத்தீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். பார்த்தோம் பார்த்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். இத்தனை காலம் இவள் குளிக்கவில்லையா, சேற்றில் நின்று நடவு நடவில்லையா, அப்போதெல்லாம் கரையாதவள் இன்று மட்டும் எப்படிக் கரைந்தாள் என்று கேட்கத் தோன்றியவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, டம்ளர் தண்ணீரைக் கடையோரம் வாடிக் கிடந்த அவரைக்கொடிக்கு ஊற்றினார்கள். மறுநாள் காலையில் கொடி கடைக்கூரை மேல் ஏறிப் பூத்திருந்தது. அதன் பிறகு யாருக்கு என்ன கேள்வி இருக்கப்போகிறது?

அன்று சாயங்காலம் தையல்நாயகி மகளுக்குக் கை கழுவிவிட்டபோது, நீலாயதாட்சியின் சுண்டுவிரல் நகம் சொம்புத் தண்ணீரில் கரைந்து போனது. சொம்பு சில்லென்று ஆனது. தன் விரல் போனபோது வராத பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. பிள்ளையின் கையை முந்தானையில் துடைத்து, கதவைச் சாத்திவிட்டு, மாடத்தில் இருந்த வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்தாள். வேப்பெண்ணெய் பூசினால் கரையாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைக் குற்றமாகத்தான் தெரியும். தேய்த்து முடித்துப் பயந்து பயந்து ஒரு சொட்டுத் தண்ணீரை முழங்கையில் விட்டுப் பார்த்தாள். சொட்டு உருண்டு கீழே ஓடியது, முழங்கை அப்படியே இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள், அழுத இடமெல்லாம் கன்னத்தில் கோடு விழுந்தது.

மறுநாளிலிருந்து நீலாவுக்குச் சிரங்கு என்று ஊரில் சொன்னாள். சிரங்குக்கு வேப்பெண்ணெய்தானே வைத்தியம். பிள்ளை தெருவில் போனாலே கசப்பு நாற்றம் அடித்தது, மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், அவர்களுடைய அம்மாக்கள் நீலாவைக் கண்டால் வாசலைச் சாத்தினார்கள். தையல்நாயகிக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. மகள் உடம்பில் சிரங்கு எதுவும் இல்லை என்பது அந்த வீட்டிலேயே இருக்கும் குஞ்சிதபாதத்துக்குத் தெரியாமல் போகுமா? தெரியும். அவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவனுடைய நல்ல குணம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஐயனார் கோயில் வாசலில் ஊர் கூடியது. முறைத்தண்ணீர் விடுவது போலவே தையல்நாயகியையும் முறை வைத்து விடுவது என்று முடிவானது. மேலண்டை வயலில் தொடங்கி, வாய்க்கால் போகிற வழியே கீழண்டை வரை, ஆளுக்கு ஒரு முறை. மதகடியில் அவள் உட்கார்ந்து, சொன்ன அளவுக்கு உடம்பைத் தண்ணீரில் விட வேண்டும். இதில் தப்பாக எதையும் யாரும் காணவில்லை. ஊருக்கு ஒன்று என்றால் ஒரு வீடு விட்டுக்கொடுப்பது வழக்கம்தான் என்று பேசினார்கள். விட்டுக்கொடுக்கிற வீடு எப்போதும் கடைசி வீடாக இருப்பதும் வழக்கம்தான், அதை மட்டும் பேசவில்லை.

"உன் சம்மதம் என்ன தையலு?" என்று கேட்டார் பக்கிரிசாமி. கேட்க வேண்டியதில்லை என்றாலும் கேட்டார், நல்ல மனிதர்.

"எனக்கு ஒண்ணுதான் மாமா வேணும். எம் பொண்ண ஒரு நாளும் டம்ளர்கிட்ட கூப்புடப்படாது. நான் என்ன ஆனாலும் சரி, அவள யாரும் கரைச்சுப் பாக்கப்படாது. சத்தியம் பண்ணுங்க."

"சிரங்கு புடிச்ச புள்ளைய யாரு ஆத்தா கூப்புடப் போறா?"

"சத்தியம் பண்ணுங்க மாமா."

கற்பூரம் ஏற்றினார்கள். ஆண்கள் எல்லோரும் வரிசையாக வந்து கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். கடைசியாகக் குஞ்சிதபாதமும் அணைத்தான்.

"இன்னொண்ணு," என்றாள் தையல்நாயகி. "வலது கைய மட்டும் கடைசியா எடுத்துக்குங்க."

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சமைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மகளுக்குத் தினமும் எண்ணெய் தேய்க்க ஒரு கையாவது வேண்டாமா?

இடது கை விரல்கள் முதலில் போயின, பிறகு முழங்கை வரை, பிறகு தோள் வரை. அவள் மதகடியில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட, தண்ணீர் பனிபோலச் சில்லிட்டு வாய்க்காலில் ஓட, போன வழியெல்லாம் வரப்புப் புல் கூட முழங்கால் உயரம் எழும்பியது. ஊரே அவளைத் தாங்கியது. ஒரு வீட்டிலிருந்து பால் வந்தது, ஒரு வீட்டிலிருந்து முட்டை, கடற்கரைப் பக்கமிருந்து கொடுவா மீன். சாப்பிடு ஆத்தா, சத்து ஏறட்டும் என்று பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார்கள். கொடுத்துவைத்தவள், நம்ம உடம்பெல்லாம் எதுக்கு ஆகுது என்று தங்களுக்குள் பெருமூச்சும் விட்டார்கள். வந்ததில் பாதியைக் குஞ்சிதபாதம் தின்றான், அவன் இடுப்புப் பிடிப்புக்கும் அது நல்லது என்றான்.

அவளைக் குடிசையில் விட்டுவைக்க ஊருக்கு மனம் வரவில்லை. கூரை ஒழுகினால் என்ன ஆவது? உரக்கடைக் குடோனில், மூட்டைகளுக்குப் போடுவது போலவே மரப்பலகை போட்டு, தரை ஈரம் ஏறாமல், மேலே தார்ப்பாய் மூடி உட்கார வைத்தார்கள். நீலா தினமும் அங்கேயே வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனாள். அவள் அழுதால் பெண்கள் பதறினார்கள். "அழாத தையலு, வீணாப் போவுது," என்றார்கள். ஒருத்தி எங்கிருந்தோ அந்தக் கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து கன்னத்துக்குக் கீழே பிடித்தாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கத்தரிச் செடிக்கு ஊற்றினாள் என்று மற்றவர்களுக்குத் தெரிந்ததும், அழுகைக்கும் முறை வைத்தார்கள்.

வேளாண்மை ஆபீசரம்மா ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பட்டணத்தில் படித்த, இன்னும் கல்யாணமாகாத சின்னப் பெண். வயலைப் பார்த்தாள், குடோனுக்குள் வந்து தையல்நாயகியையும் பார்த்தாள். ஒரு பெண் வந்திருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்பாளே என்று தையல்நாயகி தார்ப்பாய்க்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"ஒரே தடவையா போட்டுறாதீங்க," என்றாள் ஆபீசரம்மா, நாட்டாமையிடம். "இப்பக் கொஞ்சம், தூர் கட்டறப்பக் கொஞ்சம், கதிர் வர்றப்பக் கொஞ்சம்னு பிரிச்சு விடுங்க. மெதுவா கரைஞ்சாத்தான் பயிர் எடுத்துக்கும். ஈரம் படாம வச்சிருக்கீங்க, அது ரொம்ப நல்லது."

தார்ப்பாய்க்குள் தலை போய்விட்டது.

ஆபீசரம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் கூடத் தையல்நாயகி அறுவடை வரை இருந்திருப்பாள். ஆனால் முறை வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. என் முறையன்று குளிர் அடித்தது, அவள் சரியாகக் கரையவில்லை என்றான் ஒருவன். அவன் வயலுக்கு முழங்கால் வரை போனது, எனக்குக் கணுக்கால்தானா என்றான் இன்னொருவன். வெந்நீர் என்றால் சீக்கிரம் கரையும் என்று யாரோ கண்டுபிடிக்க, கல்யாணச் சமையலுக்கு வைத்திருந்த அண்டாக்களை மதகடிக்குத் தூக்கிவந்து அடுப்பு மூட்டினார்கள். வெந்நீரில் அவள் கரைந்த வேகத்தைப் பார்த்து ஊரே வாய்பிளந்தது. டம்ளரைச் சுற்றிக் குனிந்து நின்று வளர்ந்த ஜனம் அல்லவா, அதைவிட நல்ல காட்சி அவர்களுக்கு வேறு எது?

அப்புறம் ஐப்பசி மேகம் கட்டியது. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை அடித்து, குடோன் ஓட்டில் ஒழுக்கு விழுந்தால் மிச்சம் இருப்பவளும் வீணாகச் சாக்கடைக்குப் போய்விடுவாளே என்ற கவலையில் ஊருக்குச் சோறு இறங்கவில்லை. மழைக்கு முன்னால் எல்லா மடையையும் திறந்துவிட்டு, மிச்சத்தை ஒரேயடியாக விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். ரெத்தினசபாபதி வந்து அவளிடம் சொன்னார்.

"மழை வருது தையலு. இன்னைக்கே முடிச்சுடலாம்னு பேசிட்டாங்க."

"எங்க வூட்டுக்காரரையும் புள்ளையையும் பாத்துட்டு வர்றேண்ணே."

"அவங்களே வருவாங்க. நீ நடக்க முடியாதுல்ல."

அது உண்மைதான், நடப்பதற்குக் கால் இல்லை. குஞ்சிதபாதம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். தையல்நாயகி புட்டியைக் கேட்டு வாங்கி, இருந்த ஒரு கையால் மகளுக்கு எண்ணெய் தேய்த்தாள். காது மடலுக்குப் பின்னால், விரல் இடுக்குகளில், கழுத்து மடிப்பில் என்று ஓர் இடம் விடவில்லை. பிறகு புருஷன் கையில் புட்டியைக் கொடுத்தாள்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றான் அவன்.

"தெனமும் தேய்க்கணும். தேய்ச்சுட்டு வெறும் தண்ணிய ஊத்தலாம், ஒண்ணும் ஆவாது. சீயக்கா மட்டும் போட்டுறாதீங்க. சீயக்கா எண்ணெய எடுத்துரும்."

"போட மாட்டேன்."

"எம் மேல ஆணையாச் சொல்லுங்க."

அவன் அவள் தலையில் கைவைத்துச் சொன்னான். சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுதான். தையல்நாயகிக்கு மனசு ஆறியது. தூக்கிக்கொண்டு போய் அவளைத் தண்ணீரில் இறக்கினார்கள்.

ஒரு குளிர்காற்று வயல்வெளியைத் தாண்டிப் போனது, அண்டாவில் கொதித்த தண்ணீர் கூட ஒரு நிமிஷம் அடங்கியது. மேலண்டை வயல்கள் முதலில் குடித்தன, நடுவயல்கள் அடுத்துக் குடித்தன, மிச்சம் வடிகாலில் விழுந்து கடலுக்கு ஓடியது. கடைசியில் இருந்த குஞ்சிதபாதத்தின் வயலுக்கு வந்து சேர்ந்தபோது அது சும்மா தண்ணீராக இருந்தது. அவன் குனிந்து கையை வைத்துப் பார்த்தான். சில்லிப்பே இல்லை. என் பெண்டாட்டி, எனக்கு ஒரு சொட்டு இல்லையா என்று வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அவன் மடைவாயில் அது வந்து ஒதுங்கியது. அவளுடைய வலது உள்ளங்கை. வேப்பெண்ணெயில் ஊறி ஊறி, எந்த வெந்நீருக்கும் கரையாமல், வாய்க்கால் முழுக்க மிதந்து சொந்த வயலுக்கு வந்திருந்தது. அதைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தான். மிஞ்சியது அது ஒன்றுதான், அதையாவது முறைப்படி அனுப்ப வேண்டாமா? இறந்தவர்களைக் குளிப்பாட்டுவது போலச் சீயக்காய் தேய்த்து, வெந்நீர் ஊற்றினான். எண்ணெய் போனதும் அது அவன் கையிலேயே கரைந்துவிட்டது. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட மனமில்லாமல், வயலின் ஈசானி மூலையில் ஊற்றினான். யாரிடமும் சொல்லவில்லை.

பயிர் வளர்ந்தது. அப்படி ஒரு வளர்த்தியைக் கரம்பைமேடு கண்டதில்லை. கரும்பச்சையாக, ஆள் மறைகிற உயரத்துக்கு நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கரம்பைமேட்டுக்காரர்கள் முதல் தடவையாக வரிசையில் முதலாவதாக நிற்பது போலத் தலை நிமிர்ந்து நடந்தார்கள். மார்கழியில் காற்று லேசாக அடித்தது. இலைக் கனம் தாங்காமல் பயிர் மொத்தமும் படுத்துவிட்டது. தூக்கி நிறுத்திக் கதிரைக் கசக்கிப் பார்த்தால் பூராவும் பதர். ஊதினால் பறந்தது. ஒரே தடவையாகப் போட்டால் இலைக்குத்தான் போகும், மணிக்குப் போகாது என்று ஆபீசரம்மா வந்து விளக்கிவிட்டுப் போனாள். அப்படியென்றால் தப்பு எங்கள் பேரில்தானா என்று ஊர் கோபித்துக்கொண்டது. "சரக்கே சரியில்ல," என்றார் ரெத்தினசபாபதி. அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பால் கொடுத்தோம், முட்டை கொடுத்தோம், அவள் நம்மை ஏமாற்றிவிட்டாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

குஞ்சிதபாதத்தின் வயலில் மட்டும், ஈசானி மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில், கதிர் சாயாமல் நின்று மணி முற்றித் தங்க நிறமாகத் தொங்கியது. அவன் பகலில் தனியாகப் போய் அதை அறுத்து, துண்டில் மூட்டை கட்டி எடுத்துவந்தான். சாயங்காலம் மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான்.

ஆமாம், எண்ணெய் தேய்த்தான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. மழையானாலும் வெயிலானாலும், அந்த வருஷம் முழுக்க ஒரு நாள் தவறவில்லை. காது மடலுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும் கூட மறக்காமல் தேய்த்தான். தாயில்லாப் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்கிறான் பார் என்று ஊர் மெச்சியது. தேய்க்கும்போது அவன் மகளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான். நீலாவுக்கு அதுதான் குறை. அம்மா தேய்க்கும்போது கதை சொல்வாள், கண்ணு என்பாள், குட்டி என்பாள். அப்பா தேய்த்து முடித்துப் போ என்பான். அப்பா ஒரு தடவை கண்ணு என்று கூப்பிட மாட்டானா என்று அந்தப் பிள்ளை தினமும் முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தது.

அடுத்த புரட்டாசி வந்தது. நடவு முடிந்தது, உரம் வரவில்லை. பயிர் மறுபடி வெளுத்தது. ஒரு மத்தியானம் பக்கிரிசாமியும் ரெத்தினசபாபதியும் ஊரைக் கூட்டிக்கொண்டு கடைசி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ரெத்தினசபாபதியின் கையில் டம்ளர் இருந்தது.

"சத்தியம் பண்ணியிருக்கோமே மாமா," என்றான் குஞ்சிதபாதம்.

"யாருகிட்ட பண்ணுனோம்?" என்றார் பக்கிரிசாமி. "தையலுகிட்ட. அவ இப்ப இருக்காளா?"

கூட்டம் யோசித்துப் பார்த்தது. இல்லைதான் என்றது.

நீலாவை அழைத்தார்கள். சிரங்கு என்பதற்காக யாரும் தொடவில்லை, தானாகவே வந்து வாசல் திண்ணையில் ஏறி நின்றாள். சுண்டுவிரலை விடு என்றார்கள். விட்டாள். ஊரே குனிந்தது. குஞ்சிதபாதம் மட்டும் குனியவில்லை, நின்ற இடத்திலேயே நின்றான். டம்ளர் தண்ணீர் கலங்கவில்லை. சில்லிடவில்லை. மேலே எண்ணெய் வட்டம் ஒன்று மிதந்தது. பொறுமையில்லாத அந்த ஜனம் அன்று எவ்வளவோ பொறுமையாகத்தான் பார்த்தது. பிள்ளையின் விரல் நீரில் ஊறிச் சுருங்கியதே தவிரக் கரையவில்லை.

ரெத்தினசபாபதி டம்ளரைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீரைத் தெருவில் கொட்டினார்.

"கலப்படம்," என்றார்.

"அப்பன் ரத்தம் கலந்திருக்குல்ல, அதான்," என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். குஞ்சிதபாதமும் சிரித்தான். எண்ணெய் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லையே, மகளைக் காப்பாற்றிவிட்டானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்து போனது, கலப்படம் கலப்படம் என்று பிள்ளைகள் கொஞ்ச தூரம் கத்திவிட்டு அவர்களும் போனார்கள். இனி அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க யாருக்கும் ஒரு வேலையும் இல்லை.

குஞ்சிதபாதம் வாசலைச் சாத்தினான். கொல்லையில் அடுப்பு மூட்டி அண்டாவில் தண்ணீர் வைத்தான். நீலா பின்னாலேயே வந்து நின்றாள். துவைகல்லுக்குப் பக்கத்திலிருந்து வேலியைத் தாண்டி அவர்கள் வயல் வரைக்கும் புதிதாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டியிருந்தது. வெட்டிப் போட்ட மண் இன்னும் ஈரமாகவே இருந்தது.

"இது எதுக்குப்பா?"

"தண்ணி தேங்காம ஓடத்தான்."

வயலின் ஈசானி மூலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். ஒரு உள்ளங்கைக்கு அவ்வளவு விளைந்தது. இவளை ஊரில் விட்டால் அவசரப்பட்டுப் பதராக்கிவிடுவார்கள். அவனிடம் பொறுமை இருந்தது, அந்த ஊரிலேயே அவன் ஒருவனிடம்தான் அது இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, பிரித்துப் பிரித்து, அறுவடை வரைக்கும் பார்த்துக்கொள்ளலாம். இன்று தலைமுடி மட்டும் போதும்.

மாடத்திலிருந்து அவன் எடுத்து வந்தது எண்ணெய்ப் புட்டி இல்லை, ஒரு கிண்ணம். அதில் சீயக்காய்த் தூளைக் குழைத்து வைத்திருந்தான்.

"வா கண்ணு," என்றான். "எவ்ளோ நாளாச்சு. அப்பா உனக்குத் தலைக்கு ஊத்தி விடுறேன்."

தன்னைத்தான் கூப்பிடுகிறானா என்று நீலா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. ஓடிவந்து துவைகல்லில் உட்கார்ந்து, தானே சடையை அவிழ்த்துவிட்டு, சீயக்காய் எரியாமல் இருக்கக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். குஞ்சிதபாதம் அண்டாவிலிருந்து முதல் சொம்பை மொண்டான். பிள்ளைக்குச் சூடு தாங்குமா என்று தன் விரலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டான். அவன் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.